பி வரிசை, இருநூற்றுப் பதினேழாம் குழி

ஸ்கார்நெஸ்ஸில் யாராவது கண்ணை மூடினால் முதலில் டாக்டருக்குச் சொல்வார்கள், அடுத்தபடியாக ஜெஸ்ஸிமா ரன்சிக்கு. பாதிரியாருக்கு மூன்றாம் இடம்தான். உயிர் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். ஆன்மா எங்கே போயிற்று என்று பாதிரியார் சொல்வார். ஆனால் உடம்பு எங்கே போகும், போகுமா போகாதா என்பது ஜெஸ்ஸிமாவின் கையில் இருந்தது. நகராட்சியின் இடுகாட்டுக் கவுண்டரில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள்.

ஊர் இடுகாட்டில் ஒவ்வொரு குழியும் ஒரு குடும்பத்தின் சொத்து. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பெட்டி இறங்கும். வாங்கியவருக்கு நகராட்சி முத்திரை குத்தி ஒரு பத்திரம் தருவார்கள். அவர் போனால் அது மூத்த பிள்ளைக்கு, அவனும் போனால் அவனுடைய மூத்த பிள்ளைக்கு. பத்திரக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் மண்வெட்டி மண்ணில் இறங்கலாம். மற்ற ஊர்களில் இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே பார்த்து நடத்துவார்கள். ஜெஸ்ஸிமாவுக்கு முன்னேயும் கிடையாது, பின்னேயும் கிடையாது.

மீன்காரர் ஜோ பக்ஸ்டர் செத்த கதையை ஊரில் இன்னும் சொல்லுவார்கள். அவர் மனைவி பெல்லா அழுது சிவந்த கண்ணோடு கவுண்டருக்கு வந்து நின்றாள்.

"ஏம்மா ஜெஸ்ஸிமா, அவரோட அப்பா, அம்மா ரெண்டு பேரும் அந்தக் குழியிலதானே கிடக்காங்க? மாமியார் சாவுக்கு நீயே வந்தியே!"

"வந்தேன் பெல்லா. சாண்ட்விச்சு கூட நல்லா இருந்துச்சு. பத்திரம் எங்கே?"

ஜூலை மாதம். முன்னறையில் ஜோ பெட்டிக்குள் படுத்திருக்க, பெல்லாவும் மூன்று மகன்களும் நான்கு நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கடைசியில் பீரோ டிராயரின் அடியில் விரித்திருந்த பழைய காகிதம்தான் பத்திரம் என்று தெரிந்தது. ஜெஸ்ஸிமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கறை படிஞ்சிருக்கு. அடுத்த தடவை ஒழுங்கா வெச்சுக்குங்க" என்றாள். பெல்லா அதற்கப்புறம் அவளைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள்.

ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவளை விடவில்லை, அவளும் ஊரை விடவில்லை. தேவாலயக் கூடத்தின் பக்கத்து அறையில் வம்சாவளிச் சங்கம் என்று ஒரு மேஜை போட்டுக்கொண்டாள். இடுகாட்டுப் பதிவேடுகளின் நகல்கள், கல்லில் செதுக்கியதையெல்லாம் எழுதி வைத்த நோட்டுகள், ஒரு கெட்டில், ஒரு தட்டு நிறைய வெண்ணெயும் உப்புமாக ரோவி ரொட்டி. கோடையானால் கடல் கடந்து பேரன் பேத்திகள் வந்துவிடுவார்கள். அமெரிக்கா, நியூசிலாந்து, எங்கெங்கிருந்தோ. அத்தனை பேருக்கும் மூதாதையர் என்றால் கோட்டை வேண்டும், வாள் வேண்டும், இங்கிலாந்து ராஜாவோடு ஒரு சண்டையாவது வேண்டும். ஸ்கார்நெஸ்ஸில் இருந்ததோ ஹெர்ரிங் மீன். பிடித்தவர்கள், குடலெடுத்தவர்கள், உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்தவர்கள். என் கொள்ளுப்பாட்டி மீன் குடலெடுத்தாளா என்று கேட்டுக்கொண்டு ஒருவரும் விமானம் ஏறி வந்ததில்லை.

ஒருமுறை ஓஹையோவிலிருந்து வந்த அம்மாள் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அழுதாள். ஜெஸ்ஸிமா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அழுகை அடங்கியதும், "இது வேற ஜான் ஸ்லேட்டர். உங்க ஜான் அதோ அந்தச் சுவரோரம். மழை வர்றதுக்குள்ள அங்கேயும் போய் அழுதுட்டு வந்துடுங்க" என்றாள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று குழிவெட்டி டாட் இம்லாக் கேட்டதற்கு, "அழறவங்களுக்குக் குறுக்கே பேசக் கூடாது, டாட்" என்று சொல்லிவிட்டாள்.

இவ்வளவு கறாரான மனுஷிக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. அது பி வரிசை இருநூற்றுப் பதினேழாம் குழியின் மேல் தட்டு.

அந்தக் குழி அவள் தாத்தா அலெக்சாண்டர் வாங்கியது. வாங்கியவர் அதில் இல்லை. 1913-இல் அவரைக் கடல் எடுத்துக்கொண்டது, கல்லில் பெயர் மட்டும் இருக்கிறது. அடித்தட்டில் பாட்டி மார்கரெட். ஜெஸ்ஸிமாவின் அப்பாவும் அம்மாவும் அம்மா வீட்டாரின் குழியில் இடம் மிச்சம் இருக்கிறதென்று அங்கே போய்விட்டார்கள். நடுத்தட்டில் நேன். அக்கா நேனும் ஜெஸ்ஸிமாவும் அறுபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில், ஒரே தேநீர்க் கெண்டியில் குடித்து வாழ்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஆகியிருந்தால் அந்த ஆளுக்குப் பேச நேரம் கிடைத்திருக்காது. தேநீரில் பால் முதலிலா கடைசியிலா என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் சண்டை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை சண்டையின் நடுவிலேயே நேன் போய்விட்டாள். அதிலிருந்து வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கிறது. முன்பு கேட்டதே இல்லை. ஜெஸ்ஸிமாவுக்கு அக்கா இல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

"மேல் தட்டு என்னுது" என்று டாட்டிடம் சொல்லி வைத்திருந்தாள். "நல்லதாப் போச்சு. கடைசி வார்த்தை அவளோடதுன்னு நினைச்சுட்டிருக்கா."

அந்த இடம் இல்லையென்றால் ஊருக்கு வெளியே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய புது இடுகாடுதான். அங்கே யார் பக்கத்தில் யார் என்று யாருக்கும் தெரியாது.

இப்படி இருக்கையில்தான், போன ஜூன் மாதத்தில் ஒரு காலை, கனடாவிலிருந்து வேய்ன் ரன்சி வந்து சேர்ந்தார். அறுபத்துநாலு வயது, சஸ்காட்சுவானில் டிராக்டர் வியாபாரம். கூடவே மனைவி டார்லீன். வேய்ன் கில்ட் கட்டியிருந்தார், ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டும், முட்டிவரை வரும் கட்டம்போட்ட பாவாடை. ஸ்கார்நெஸ்ஸில் கில்ட் கட்டுகிறவன் ஒன்று மாப்பிள்ளையாக இருப்பான், அல்லது வெளியூரானாக இருப்பான். வேய்ன் கட்டியிருந்த கட்டம் ரன்சி குலத்தினுடையது என்று எடின்பரோவில் ஒரு கடைக்காரன் சொல்லி விற்றிருந்தான். ரன்சிகளுக்கு ஏது குலம், ஏது கட்டம்! வலையும் துடுப்பும்தான்.

டாட் அப்போதுதான் தேநீருக்கு வந்து உட்கார்ந்திருந்தான். கில்ட்டைப் பார்த்தான், வெளியே அடிக்கிற காற்றைப் பார்த்தான்.

"முட்டி குளிருதா ஐயா?"

"பழகிட்டேங்க" என்றார் வேய்ன், பல் தந்தியடிக்க. பிறகு ஜெஸ்ஸிமா பக்கம் திரும்பி, "மேடம், நான் எங்க எஸ்டேட்டைப் பார்க்க வந்திருக்கேன்" என்றார்.

ஜெஸ்ஸிமாவுக்கு இது பழகிய வியாதி. "எந்த எஸ்டேட்?"

வேய்ன் பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கல்யாணப் படத்தைக்கூட அவ்வளவு பத்திரமாக யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். "என் தாத்தா ஆண்ட்ரூ 1923-ல கனடாவுக்கு வந்தப்போ கொண்டாந்தது. ஸ்கார்நெஸ்ல எங்களுக்கு நிலம் இருக்குன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தார். பாருங்க, 'அலெக்சாண்டர் ரன்சிக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும்.' அளவு கூட இருக்கு. ஏழுக்கு மூணு."

"ஏழுக்கு மூணு என்ன?"

"மைல்தான்" என்றார் வேய்ன் சாதாரணமாக. சஸ்காட்சுவானில் நிலத்தை அளப்பதென்றால் மைலில்தான் அளப்பார்கள். மடிப்பில் மை உதிர்ந்து 'அடி' போய்விட்டிருந்தது. மேலே இருந்த முதல் வரி கறை படிந்திருந்ததால் சட்டம் போட்டவர் அட்டையை இறக்கி அழகாக மறைத்துவிட்டார். ஆகவே இடுகாடு என்ற சொல்லை ஆண்ட்ரூவுக்குப் பின் அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததே இல்லை. பண்ணை வாசலில் 'ஸ்கார்நெஸ் பிரபுவின் இல்லம்' என்று பலகை வைத்திருப்பதாக டார்லீன் சொன்னாள். சொல்லும்போது அவள் வேய்னைப் பார்க்கவில்லை.

டாட் ரோவியை மென்றபடி எட்டிப் பார்த்தான். ஜெஸ்ஸிமாவின் கண் பத்திரத்தின் அடியில் ஒரு மூலையில் நின்றுவிட்டிருந்தது. பி, 217.

"போய் ஹோட்டல்ல மீன் சூப்பு குடிச்சுட்டு வாங்க" என்றாள் கடைசியில். "நான் பதிவேட்டைப் பார்த்து வைக்கிறேன். இதை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

அவர்கள் போனதும் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தாள். நேனின் அடக்கத்துக்கான காகிதங்கள். பத்திரம் தொலைந்துபோனவர்களுக்காக நகராட்சியில் ஒரு உறுதிமொழிப் படிவம் உண்டு. கவுண்டரின் அடி டிராயரில் கிடந்த அந்தப் படிவத்தை முப்பத்தெட்டு வருஷத்தில் ஜெஸ்ஸிமா ஒரே ஒருவருக்குத்தான் கொடுத்திருந்தாள். அந்த ஒருவர் ஜெஸ்ஸிமா. கொடுத்ததும் அவள், நிரப்பியதும் அவள், சரிபார்த்து முத்திரை குத்தியதும் அவளேதான். 'பத்திரம்: தொலைந்தது.' 'மூத்த வாரிசுகள் எவரேனும்: இல்லை.' கொஞ்சமும் கோணாத அவளுடைய கையெழுத்து.

பெரியப்பா ஆண்ட்ரூ பத்திரத்தைத் திருடிக்கொண்டு கப்பல் ஏறினார் என்று அவள் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவனுக்கு எங்கே குடும்பம் இருந்திருக்கப் போகிறது என்பதும் அப்பாவின் வாக்கு. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஏழு தலைமுறை தேடிக் கொடுத்தவள் சொந்தப் பெரியப்பாவை ஒரு மதியம்கூடத் தேடவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்.

"டாட், கண்ணாடி போட்டுக்கோ. இதைப் படி."

டாட் பத்திரத்தைப் படித்தான், படிவத்தைப் படித்தான், மறுபடியும் பத்திரத்தைப் படித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"அப்போ நேன் அந்த ஆளோட எஸ்டேட்டுல எட்டு வருஷமா வாடகை இல்லாம குடியிருக்காளா!"

"வாயை மூடு."

"சரி, இப்ப என்ன வந்துச்சு? அவருக்குக் குழியும் தெரியாது, அந்த நம்பர் எதுக்குன்னும் தெரியாது. கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய், அந்த ஏழு மைலும் தண்ணிக்குள்ள போயிடுச்சுன்னு சொல்லு. அழுதுட்டு ஊருக்குப் போயிடுவார். மேல் தட்டு உனக்கு."

ஜெஸ்ஸிமா அவனை அதட்டாததே டாட்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். கனடாக்காரருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, இல்லாத இருபத்தோரு சதுர மைல்தானே. தனக்கோ அக்கா பக்கத்தில் இடம்.

"ஆனா ஒண்ணு" என்றான் டாட், கோப்பையைக் கழுவியபடி. "பெல்லாவுக்கு இது தெரிஞ்சா நாலு நாள் நிறுத்தாம சிரிப்பா."

கெட்டில் கொதித்து அடங்கும்வரை ஜெஸ்ஸிமா அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பத்திர மாற்றுப் படிவம் ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், கோட்டை மாட்டிக்கொண்டாள். "அளவு டேப்பை எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

இடுகாடு கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. வேய்ன் கில்ட்டை ஒரு கையாலும் சட்டத்தை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். இடையிடையே நின்று, வேலிக்கு அப்பால் தெரிந்த பச்சை மேட்டையெல்லாம் நம்பிக்கையோடு பார்த்தார். பி வரிசையில் ஒரு சாம்பல் நிறக் கல்லின் முன்னால் ஜெஸ்ஸிமா நின்றாள்.

"இதுதான்."

"எது?"

டாட் குனிந்து டேப்பை நீட்டினான். "நீளம் ஏழு. அகலம் மூணு. அடி."

டார்லீன்தான் முதலில் வெடித்தாள். சிரித்துச் சிரித்துப் பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பது வருஷம், வேய்ன்! இந்த எஸ்டேட்டைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கட்டிக்கிட்ட! எங்க அம்மா அப்பவே சொன்னா!"

வேய்னின் முகம் சிறுத்துவிட்டது. வாசலில் வைத்த பலகை ஞாபகம் வந்திருக்கும். வேறு நாளாக இருந்தால் ஜெஸ்ஸிமா இந்தக் காட்சியை ரசித்து, இரவுச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொண்டிருப்பாள். இன்று ரசிக்க முடியவில்லை.

"கேளுங்க" என்றாள். "சின்னதோ பெரிசோ, இது உங்க இடம்தான். நான் உங்க தாத்தாவோட தம்பி மக. எங்க அக்காவை இதுல வெச்சேன். மூத்த வாரிசு யாரும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேடிப் பார்த்திருக்கணும், பார்க்கலை. இன்னும் ஒரு பெட்டிக்கு இடம் இருக்கு. அது எனக்குன்னு நினைச்சிருந்தேன். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அது எனக்கு. போடலைன்னா எனக்குக் கேட்க வாய் கிடையாது."

வேய்ன் அவள் சொன்னதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. கல்லை மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருந்தார். கடலில் போன அலெக்சாண்டர். அவர் மனைவி மார்கரெட். வீட்டில் நேன் என்று கூப்பிட்ட பேத்தி ஆன், 2011. அதன் கீழே, இரண்டாம் முறை கல்தச்சனுக்குத் தண்டம் அழக் கூடாதென்று முன்கூட்டியே வெட்டி வைத்திருந்த 'ஜெஸ்ஸிமா, பிறப்பு 1946'.

"எங்க தாத்தா பேரு எங்கே?"

வெளிநாட்டில் செத்த பிள்ளைகளின் பெயரையும் வீட்டுக் கல்லில் வெட்டுவதுதான் ஊர் வழக்கம். அந்த இடுகாட்டில் பாதிக் கல்லில் ஆஸ்திரேலியா இருக்கிறது, மீதியில் கனடா. ஜெஸ்ஸிமா நேராகவே சொன்னாள். "எங்க அப்பா போட விடலை. பத்திரத்தைத் திருடிட்டுப் போனவன்னு அவருக்குக் கோபம்."

"திருடலைங்க." வேய்னின் குரல் மாறிவிட்டது. "துறைமுகத்துல வெச்சு அவர் அம்மாதான் கையில கொடுத்தாங்களாம். 'எங்கே போனாலும் உனக்கு இங்கே ஒரு இடம் இருக்கு, திரும்பி வரத் தெரிஞ்சுக்கோ'ன்னு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதைச் சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் அழுவார். அவ்வளவு பெரிய எஸ்டேட்டை விட்டுட்டு வந்ததுக்காக அழறார்னு நாங்க நினைச்சுட்டிருந்தோம்."

டார்லீன் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். டாட் தொப்பியைக் கழற்றினான், எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. ஜெஸ்ஸிமாவுக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவுக்காகவும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

"பேனா இருக்கா?" என்றார் வேய்ன். "எங்கே கையெழுத்துப் போடணும்? உங்க பேருக்கே எழுதிக் கொடுத்துடறேன். எனக்கு எதுக்கு இது?"

ஜெஸ்ஸிமா கைப்பையைத் திறந்தாள். மாற்றுப் படிவத்தை வெளியே எடுத்தாள், பார்த்தாள், மறுபடியும் மடித்து உள்ளே போட்டுப் பையை மூடினாள்.

"வேண்டாம். உன் பேர்லயே இருக்கட்டும்" என்றாள். எப்போது ஒருமைக்கு வந்தாள் என்று அவள் கவனிக்கவில்லை. பிறகு குனிந்து, தன் பெயருக்குக் கீழே கல்லில் மிச்சமிருந்த இடத்தை விரலால் அளந்தாள். ஒரு வரிக்குத்தான் இடம். அதற்கப்புறம் புல். "டாட், திங்கக்கிழமை கல்தச்சனை வரச் சொல்லு. 'மூத்த மகன் ஆண்ட்ரூ, கனடாவில்.' இந்த வரியில வெட்டச் சொல்லு."

"அது உன் சாவுத் தேதிக்கு விட்ட இடமாச்சே!" என்றான் டாட். "அப்புறம் கல்லைப் பார்க்கிறவன் நீ இன்னும் சாகலைன்னு எழுதிக்கிட்டுப் போவானே!"

"எழுதிக்கட்டும். என் தேதியைத் தேடிக்கிட்டு வர எனக்குப் பின்னாடி யாரு இருக்கா?"

வேய்ன் அவளைப் பார்த்தார். "நான் வர மாட்டேனா அத்தை?"

ஜெஸ்ஸிமா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். வெகுநேரம் சிந்தினாள். பிறகு சட்டத்தை அவர் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியைக் கோட்டுக் கையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வா. இதை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டு வா. பத்திரம் இல்லாம என்னைப் புதைக்க மாட்டாங்க."